சுவருக்கு அப்பால் ஒரு கை



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் வீட்டுக் கொளுக்கிகளைப் பற்றியும் சுவர்த் துவாரங்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கக்கூடும். பழைய வீடு ஒன்றைக் கவனித்துப் பார்ப்பதும் ஒருவகை வாசிப்புத்தான் என்பது என் எண்ணம். பழைய நூலொன்றிலே பொருள் விளங்காத சொல் வந்தால் உரையாசிரியரைத் தேடுகிறோம். பழைய வீட்டிலே பயன் விளங்காத பொருள் இருந்தாலோ, மேசனைக் கூப்பிட்டுச் சீமெந்தால் அடைத்துவிடுகிறோம். அப்படி அடைக்கும்போது எதையெல்லாம் சேர்த்து அடைக்கிறோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் எளிய உதாரணங்களைப் பார்ப்போம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் வளைகளிலே இரும்புக் கொளுக்கிகளும் வளையங்களும் காணப்படும. இன்றைய பிள்ளைகளுக்கு அவையெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால், இருக்கும் இடமே அவற்றின் பெயரைச் சொல்லிவிடும். குசினியிலே, அடுப்புக்குச் சற்று விலகித் தனியே தொங்கும் கொளுக்கி உறிக்கு உரியது. பாலும் தயிரும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் அதிலே தொங்கின. படுக்கையறையின் நடுவே தனித்து நிற்கும் கொளுக்கி ஏணை கட்டுவதற்கு. தாயின் பழைய சேலையிலே அந்த வீட்டின் எத்தனையோ பிள்ளைகள் அதன் கீழே உறங்கியிருப்பார்கள். இரண்டு வளையங்கள் ஒரே வளையிலே, ஓர் ஆள் தாராளமாக இருக்கக்கூடிய இடைவெளியில் இருந்தால், அது ஊஞ்சல். அந்த வளையத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். சங்கிலி உரோஞ்சி உரோஞ்சி இரும்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும்.

சுவரிலே சிறு குழிபோல ஒரு மாடம் இருக்கிறது. சாமிப்படம் வைக்கவா, சாவி வைக்கவா என்று ஐயம் வந்தால், அதன் மேற்புறத்தைப் பார்த்தாற் போதும். எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும் விளக்குப் புகையின் கறை எங்கேயாவது எஞ்சி நிற்கும்.

ஆகவே, இனந்தெரியாத பொருளொன்றைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது? எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? அது பதிந்திருக்கும் சுவருக்கு மறுபுறத்தில் என்ன இருக்கிறது? முதலிரண்டையும் எவரும் கேட்பார்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான புதிர்கள் அவிழாமற் போவதற்குக் காரணம் அதுதான்.

என் நண்பர் ஒருவர் கொழும்பிலே ஆங்கிலேயர் காலத்து வீடொன்றை வாங்கித் திருத்தினார். நீண்ட சாப்பாட்டு அறை, உயர்ந்த முகடு. அந்த முகட்டிலே, அறையின் நடுவே, ஒரே வரிசையில் நான்கு கொளுக்கிகள். சுவரிலே, ஆள் உயரத்துக்கு வெகு மேலே, ஒரு சிறு துவாரம். அதற்குள் கைப்பிடி அளவில் ஒரு மரக் கப்பி. கொளுக்கிகள் தொங்குவிளக்குகளுக்கு என்றார் ஒருவர். துவாரம் காற்று வருவதற்கு என்றார் இன்னொருவர். காற்றுக்கு என்றால் கப்பி எதற்கு? நகைப் பெட்டியைத் தூக்கி ஒளிப்பதற்கு என்று மூன்றாமவர் சொன்னபோது வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு ஒரே குதூகலம்.

நாங்கள் அறையை விட்டு வெளியேறிப் பின் விறாந்தைக்குப் போய்ப் பார்த்தோம். அதே துவாரம் அங்கேயும் தெரிந்தது. அதன் கீழ்விளிம்பிலே கயிறு உரோஞ்சிய தடம் விறாந்தையை நோக்கிச் சரிந்து இறங்கியது. கயிற்றின் ஒரு நுனி அறைக்குள்ளே. மறு நுனி விறாந்தைத் தரையில் இருந்த ஒருவர் கையிலே. நேயர்களில் மூத்தவர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அது பங்கா.

நீண்ட மரச்சட்டத்திலே துணியை விரித்துக் கட்டி, முகட்டிலிருந்து தொங்கவிடுவார்கள். சட்டத்திலே கட்டிய கயிறு கப்பியின் மேலாகச் சுவரைத் தாண்டி வெளியே போகும். அங்கே இருப்பவர் கயிற்றை இழுப்பார், விடுவார், இழுப்பார், விடுவார். சட்டம் முன்னும் பின்னும் அசைய, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். இரவிலே துரை உறங்கும்போதும் இழுக்க வேண்டும். கை களைத்தால் கயிற்றைக் கால் பெருவிரலிலே கட்டிக்கொண்டு, படுத்தபடியே காலை ஆட்டுவார்களாம். கண்ணயர்ந்தால் காற்று நிற்கும். உள்ளே இருப்பவர் விழித்துக்கொள்வார். அதன் பிறகு அடி, உதை. உதைபட்டுப் பங்கா இழுப்பவர் இறந்துபோன வழக்குகள் பிரித்தானிய இந்தியாவின் நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன. மின்விசிறி 1880களில் அமெரிக்காவிலே உருவாகி, பின்னர் மெல்ல மெல்ல இங்கும் வந்தபோதுதான் அந்தக் கயிறு அறுந்தது. அறையிலே கொளுக்கி எஞ்சியது. சுவரிலே துவாரம் எஞ்சியது. இழுத்தவரின் பெயர் எங்கும் எஞ்சவில்லை.

இந்த இடத்திலே ஒரு நாவல் நினைவுக்கு வருகிறது. ஈ. எம். ஃபோஸ்டர் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட 'எ பாஸேஜ் டு இந்தியா'. மருத்துவர் அஸீஸ் என்ற இந்தியர் மீது, அடெலா என்ற ஆங்கிலப் பெண் தொடர்பாகப் பொய்க்குற்றம் சுமத்தப்படுகிறது. நீதிமன்றத்திலே வழக்கு நடக்கிறது. ஊரே கொந்தளித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பரபரப்பின் நடுவே அடெலாவின் கண்ணில் முதலிலே படுபவர் யார் தெரியுமா? பங்கா இழுப்பவர். வழக்கமாக வெளியே இருத்தப்படும் அவரை, ஃபோஸ்டர் மண்டபத்துக்குள்ளே ஒரு மேடையிலே இருத்துகிறார். ஏறக்குறைய வெற்றுடம்பு, ஆனால் சிலைபோன்ற அழகு. அங்கே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. தாம் ஏன் கயிற்றை இழுக்கிறோம் என்பதுகூட அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க, தன் துன்பம்தான் உலகத்திலே பெரியது என்ற நினைப்பு அடெலாவின் மனதிலே ஆட்டம் காணத் தொடங்குகிறது. பின்னர் அவள் உண்மையைச் சொல்கிறாள், வழக்குத் தள்ளப்படுகிறது. எல்லோரும் வெளியேறிய பின்பும், வெறும் மண்டபத்திலே அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறார்.

வழக்கு விவரங்களை மறந்துபோன வாசகர்களும் இந்தக் காட்சியை மறப்பதில்லை. சுவருக்கு அப்பால் இருந்த கையை நாவலாசிரியர் சுவருக்கு உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டார் என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

காற்றுக்கு மட்டுமல்ல, உணவுக்கும் இப்படி ஒரு மறைவு வழி வேண்டியிருந்தது. மேல்நாட்டுப் பழைய வீடுகளிலே சுவருக்குள் ஒரு சிறு அலுமாரி காணப்படும். கதவைத் திறந்தால் உள்ளே தட்டு இராது. ஆழமான கிணறு போன்ற ஒரு வழியும் கயிறும் கப்பியும் இருக்கும். புதிதாகக் குடிவருபவர்கள் அதைக் கண்டு திகைப்பதுண்டு. கீழே நிலவறைச் சமையற்கட்டிலிருந்து உணவை மேலே ஏற்றும் சிறு தூக்கி அது. ஆங்கிலத்திலே அதை 'டம் வெயிட்டர்' என்பார்கள். ஊமைப் பரிசாரகன் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே இந்தப் பெயர் முதலில் ஒரு மேசைக்கு இருந்தது. உணவுத் தட்டுகளை அடுக்கிய அடுக்கு மேசையை விருந்தினர் பக்கத்திலே வைத்துவிட்டு, பணியாளரை வெளியே அனுப்பிவிடுவார்கள். பரிமாறும் பணியாளருக்குக் காது உண்டு. மேசைக்குக் காது இல்லை. பெயரின் பொருள் இப்போது விளங்கும்.

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்திலே மொன்டிசெல்லோ என்றொரு மாளிகை உண்டு. 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சனின் வீடு அது. அங்கே சாப்பாட்டு அறையின் கணப்படுப்புக்கு இருபுறமும் சிறு கதவுகள் இருக்கின்றன. கீழேயுள்ள நிலவறையிலிருந்து திராட்சை மது அவற்றின் வழியே ஏறிவரும். இன்னொரு கதவு சுழலும் கதவு. அதன் ஒரு பக்கத்திலே தட்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. வெளியே நின்று உணவை அடுக்கிக் கதவைச் சுழற்றினால் உணவு உள்ளே வரும், கொண்டுவந்தவர் வெளியிலேயே நிற்பார். பார்க்க வருபவர்கள் அந்தப் பொறிகளின் நுட்பத்தை வியப்பார்கள். வியக்கத்தக்கதுதான். ஆனால் மது ஏற்றியவர்களும் கதவைச் சுழற்றியவர்களும் அடிமைகள். மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்ற கொள்கையை உலகுக்குப் பிரகடனம் செய்தவர், தம் வாழ்நாளிலே அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். சமத்துவம் பற்றிய பேச்சு மேசையிலே நடக்கையில் அடிமையின் முகம் கண்ணிலே படாதிருக்க, அந்தக் கதவு நன்றாகவே உதவியிருக்கும்.

இந்த ஊமைத் தூக்கியை வைத்தே ஒரு நாடகமும் உண்டு. ஹரோல்ட் பின்டர் 1957இலே எழுதிய 'த டம் வெயிட்டர்'. கூலிக்குக் கொலை செய்யும் இருவர், நிலவறையொன்றிலே அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கிறார்கள். திடீரென்று சுவருக்குள்ளிருந்து தூக்கி இறங்கி வருகிறது. அதிலே ஒரு துண்டுக் கடதாசி: இன்ன இன்ன உணவு வேண்டும் என்று. மேலே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பயந்து, தங்களிடமிருந்த பிஸ்கட்டையும் தேயிலையையும் அனுப்பி வைக்கிறார்கள். கட்டளைகள் நிற்பதில்லை. இறுதியிலே சுவரிலுள்ள பேச்சுக் குழாய் வழியாகவே கொலைக்கான உத்தரவும் வருகிறது. மேலிருப்பவன் கீழிருப்பவனைக் காணாதிருக்கச் செய்த ஒழுங்கு, கீழிருப்பவனும் மேலிருப்பவனைக் காணாதபடி செய்துவிடுகிறது. முகமில்லாத கட்டளைக்கு மனிதன் எப்படிப் பணிகிறான் என்பதைப் பின்டர் ஒரு வீட்டுச் சாதனத்தைக் கொண்டே காட்டிவிட்டார்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். சொல்வதற்குச் சங்கடமான ஒரு பொருள் மிச்சம் இருக்கிறது.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய நகர வீடுகள் சிலவற்றின் பின்பக்கம் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை போகும். அந்த ஒழுங்கையை நோக்கிய சுவரிலே, நிலமட்டத்தை ஒட்டி, ஓர் அடி ஒன்றரை அடி அளவிலே சிறு கதவு இருக்கும். பல இடங்களில் கதவு போய், செங்கல் வைத்து அடைத்த அடையாளம் மட்டும் நிற்கும். கோழிக்கூட்டுக் கதவா, விறகு போடும் வழியா, கள்ளன் புகுந்த துவாரமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கின்ற மனிதர் எவரும் அந்த உயரத்திலே கதவு வைக்கமாட்டார். குனிந்து கைநீட்டும் ஒருவருக்காக வைத்த கதவு அது. வாளிக் கக்கூசின் வாளியை வெளியே இழுத்து எடுப்பதற்கான கதவு.

வீட்டுக்குள் கால் வைக்காமல், வீட்டார் கண்ணிலே படாமல், ஒழுங்கையாலே வந்து ஒழுங்கையாலே போய்விட வேண்டும். இந்த வேலைக்கென்று நம் நாட்டு நகரசபைகள் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தன. ஒரு வீட்டின் சுகாதாரம் முழுவதும் அந்தச் சிறு கதவிலே தங்கியிருந்தது. இருந்தும் வீட்டைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளிலே முன்கதவு வரும், தலைவாசல் வரும், முற்றம் வரும். அந்தக் கதவு வராது.

அதை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். முல்க் ராஜ் ஆனந்த் 1935இலே 'அன்டச்சபிள்' நாவலை எழுதினார். கக்கூசு சுத்தம் செய்யும் பாக்கா என்ற இளைஞனின் ஒருநாள் வாழ்க்கை அது. அதற்கு முன்னுரை எழுதியவர் வேறு யாருமல்லர், பங்கா இழுப்பவரை நமக்குக் காட்டிய அதே ஃபோஸ்டர்தான். நாவலின் முடிவிலே பாக்காவுக்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று பாதிரியாரின் மதம். மற்றொன்று காந்தியின் போதனை. மூன்றாவது, தண்ணீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடம். சமூக விடுதலைக்கு ஒரு வீட்டுச் சாதனத்தை மருந்தாகச் சொன்ன நாவல் அபூர்வமானது. சிரிப்பதற்கில்லை. கையால் அள்ள வேண்டியதில்லை என்ற நிலை வந்தாலன்றி, மற்ற எந்த உபதேசமும் பாக்காவின் கைக்கு எட்டாது.

மலையாளத்திலே தகழி சிவசங்கரப்பிள்ளை 1947இல் எழுதிய நாவல், சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பிலே 'தோட்டியின் மகன்' என்ற பெயரில் நமக்குக் கிடைத்தது. ஆலப்புழை நகரத்திலே மூன்று தலைமுறைகள்: இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, சுடலைமுத்துவின் மகன் மோகனன். பெயர்களைக் கேட்டாலே தெரியும், முன்னோர் தமிழகத்திலிருந்து போனவர்கள். சட்டங்களோ மிகத் தாமதமாகவே வந்தன. கையால் மலம் அள்ளுவிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை இந்தியா 1993இலே இயற்றியது. அது போதாதென்று 2013இலே இன்னொரு சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது.

மறைப்பதற்காக அமைத்தவற்றையே இதுவரை சொன்னேன். வெளியே நிற்பவரை வரவேற்பதற்காக அமைத்தவையும் நம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலையைப் பாருங்கள். படலைக்கு மேலே கிடுகினாலோ ஓட்டினாலோ வேய்ந்த சிறு கூரை, பக்கத்திலே இருக்கத் திண்ணை, மண்பானையிலே தண்ணீர். படலைக்கு எதற்குக் கூரை என்று இன்று கேட்பவர்கள், அந்த வீட்டாருக்கு அதனாலே என்ன பயன் என்று பார்க்கிறார்கள். பயன் வீட்டாருக்கு அல்ல, வெயிலிலும் மழையிலும் தெருவாலே போகிறவருக்கு. வாயில்லாச் சீவனுக்கும் ஒன்று இருந்தது. குளக்கரையிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் நட்டு நிற்கும் கல்லைக் கண்டு எல்லைக்கல் என்று நினைப்போர் உளர். அது ஆவுரோஞ்சிக்கல். தண்ணீர் குடிக்க வந்த மாடு தன் முதுகுத் தினவைத் தீர்த்துக்கொள்ள வைத்த கல்.

ஆனால் சங்கடப்படலையின் திண்ணையிலே எல்லோரும் இருக்க முடிந்ததா, அந்தப் பானையை எல்லோரும் தொட முடிந்ததா என்று கேளாமல் பெருமைப்பட்டுவிடலாகாது. கே. டானியலின் 'பஞ்சமர்', 'தண்ணீர்' நாவல்களைப் படித்தவர்களுக்கு அதற்கு விடை தெரியும். மாட்டுக்குக் கல் நட்ட அதே ஊரிலே, சில மனிதர்கள் கிணற்றுக் கட்டுக்கு அப்பால் நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தார்கள். மூன்றாவது கேள்வி நமக்கும் உரியது. மறுபுறத்திலே நின்றவர் யார்?

நேயர்களே, இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள். வடக்கிலே போர் பல வீடுகளைத் தரைமட்டமாக்கியது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு வீட்டையும் அதன் கதையையும் ஒருசேர விட்டுப் போனவர்கள் ஆயிரமாயிரம். 2009க்குப் பின்னர் திரும்பி வந்து திருத்துபவர்களும், வாங்கி இடித்துப் புதிதாகக் கட்டுபவர்களும், அந்த வீட்டிலே வாழ்ந்து பழகியவர்களாக இருப்பதில்லை. இது எதற்கு என்று கேட்டால் சொல்லக்கூடிய ஆச்சி லண்டனிலோ டொறொன்ரோவிலோ இருக்கிறார், அல்லது இல்லாமலே போய்விட்டார். வீட்டுக்காரரின் கதையாவது உறுதியிலும் படத்திலும் கடிதத்திலும் எஞ்சும். கயிறு இழுத்தவரும் வாளி தூக்கியவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்த வீட்டிலே எஞ்சிய சாட்சி ஒரு துவாரமும் ஒரு சிறு கதவுந்தான்.

எல்லாப் பழைய வீட்டையும் இடியாமல் வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. மனிதர் வாழ வீடு வேண்டும். கூரை ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும். ஆனால், மேசன் சீமெந்து குழைக்க முன்னர் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். அந்தப் பொருளைச் சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். நிலத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்து எழுதுங்கள். ஊரிலே வயதானவர்களைக் கேளுங்கள்; வீட்டுக்காரரின் உறவினரை மட்டும் கேளாமல், அந்த வீட்டிலே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள். அவர்கள் அந்தப் பொருளுக்கு என்ன பெயர் சொல்கிறார்களோ அந்தப் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டார் வைத்த பெயர் ஒன்றாகவும் வேலை செய்தவர் வைத்த பெயர் வேறொன்றாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள். வேலை செய்தவரின் பெயரும் யாருக்காவது நினைவிருந்தால், அதை முதலாவதாக எழுதுங்கள்.